வணிகத் தொடர்புகளும் மொய் நோட்டும்

(நமது ஜமாஅத் வணிகர்களுக்காக நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வணிகத்தில் நமக்கு ஏற்படும் தொடர்புகளை எவ்வாறு ஒழுங்குபடுத்திப் பேணுவது என்பது பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மேலாண்மைக் கல்வி பயின்று பட்டம் பெற்றவர்கள் அல்லர். சகோதரர்கள் இருவரும் எங்கள் அத்தா விட்டுச்சென்ற ஜவுளிக் கடையை நடத்திவருகிறோம். ஒரு பெருங்குழப்பத்தில் அகப்பட்டு, அதிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறிய அனுபவம் ஒன்றே எங்களிடம் உள்ளது. அதை உள்ளபடி எடுத்துரைக்கிறோம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் செய்யப்படும் அறிவிப்பை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மறைந்தவர் எவருக்கேனும் ஏதேனும் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படும். 2014ஆம் ஆண்டு எங்கள் அத்தா மறைந்தபோது எங்களில் மூத்தவர் எழுந்து நின்று அந்த அறிவிப்பைச் செய்தார். செய்து முடித்து உட்கார்ந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. எவரேனும் வந்து கேட்டால், அது சரியா தவறா என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை.

நாற்பது நாட்களுக்குள் மூவர் வந்தனர். ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறி உரிமையாளர் ஒருவர், பில் போடாமல் அனுப்பிய துண்டு, விரிப்புச் சரக்குக்கு 38,000 ரூபாய் வர வேண்டும் என்றார். லாரி ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பழைய வாடகை பாக்கி கேட்டார். மூன்றாமவர் கேட்க வரவில்லை, கொடுக்க வந்தார். பக்கத்து ஊரில் சிறு ரெடிமேட் கடை வைத்திருப்பவர். "பாய்கிட்ட பதினஞ்சாயிரம் வாங்கியிருந்தேன், யாருக்கும் தெரியாது" என்று சொல்லி, பணத்தை மேசை மீது வைத்துவிட்டு அழுதார். பேரேட்டில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. பில் போட்டவை யாவும் பேரேட்டில் இருந்தன. பேச்சில் முடித்தவை யாவும் அத்தாவின் நினைவில் இருந்தன, அவருடனேயே போய்விட்டன. கேட்டவர்களுக்குக் கேட்டபடி கொடுத்தோம். கொடுத்தது சரிதானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தொடர்பு எண்களாவது மிஞ்சியிருக்கும் என்று அவருடைய கைப்பேசியைத் திறந்தோம். அது பொத்தான் வைத்த சிறு பேசி. அதில் 'சூரத் 2' என்று ஓர் எண் இருந்தது. சூரத் 1 இல்லை. 'லாரி புதுசு' என்று ஒன்று. 'கண்ணாடி' என்று ஒன்று. 'வேணாம்' என்றுகூட ஒன்று இருந்தது. அந்த அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம் என்று தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்பு அது என்பதைப் பின்னர் ஊகித்தோம். கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்த சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. அவற்றை அதற்கு முந்தைய பெருநாளுக்கு வெள்ளையடித்தபோது நாங்களே அழித்துவிட்டிருந்தோம். சுத்தமாக இருக்கட்டும் என்று செய்த வேலை!

இந்த நிலையில் எங்களுக்குக் கைகொடுத்தது எங்கள் தாயாரின் அலமாரியிலிருந்த மொய் நோட்டு. எங்கள் சகோதரியின் திருமணம் 2006இல் நடந்தது. அதற்கு வந்தவர்கள் ஊர் வாரியாக, பெயர், தகப்பனார் பெயர், தொகை ஆகியவற்றுடன் அதில் எழுதப்பட்டிருந்தார்கள். சென்னை கோடவுன் தெருவிலிருந்து வந்த ஒரு ஏஜென்ட் பெயரருகே, 'கண்ணாடி போட்டவர்' என்று எங்கள் தாய்மாமா அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். கைப்பேசியின் 'கண்ணாடி' யாரென்று அப்போதுதான் விளங்கியது. வியாபாரத் தொடர்புகளில் ஏறத்தாழ அறுபது பேரை அந்த நோட்டைக் கொண்டே அடையாளம் கண்டோம்.

அந்த அனுபவத்திற்குப் பின் மொய் நோட்டை நாங்கள் பார்த்த பார்வையே வேறாயிற்று. தொடர்பு மேலாண்மை என்று இன்று கணினி நிறுவனங்கள் பெரும் விலைக்கு விற்கும் மென்பொருள்கள் செய்ய முயல்வதை நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் நாற்பது பக்க நோட்டில் செய்துவந்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். ஊர் பெயரில் தொடங்குவதால் தேடுவது எளிது. கடையின் பெயரை எழுதாமல் ஆளின் பெயரை எழுதுகிறார்கள். அவர் நமக்குச் செய்தது இருக்கும். நாம் அவருக்குத் திருப்பிச் செய்ததும் அதன் எதிரே குறிக்கப்படும். அவர் வீட்டு விசேஷத்திற்குக் கிளம்பும் முன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டே கிளம்புவோம். எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதியவர் இல்லாவிட்டாலும் மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். நம் வணிகத் தொடர்புக் குறிப்புகளில் இவற்றுள் எது இருக்கிறது? பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. அதுவும் பலரிடம் பாதிப் பெயர்.

தவணை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை திருக்குர்ஆனின் ஆக நீண்ட வசனத்தில், அல்பகராவின் 282ஆம் வசனத்தில், இருப்பதை இங்குள்ள ஆலிம்கள் எங்களைவிட நன்கு விளக்குவார்கள். நாங்கள் நடைமுறைக்கு வருகிறோம்.

2015இல் ஐந்துக்கு மூன்று அங்குல அளவுள்ள தடித்த அட்டைகள் 300 வாங்கினோம். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. கடைக்கு ஓர் அட்டை என்றுதான் முதலில் தொடங்கினோம். ஆறு மாதத்தில் அது பயனற்றுப் போயிற்று. ஜவுளித் தொழிலில் விற்பனையாளர் இன்று ஒரு நிறுவனத்தில் இருப்பார், நாளை வேறொன்றில் இருப்பார். பங்காளிகள் பிரிந்து ஒரு கடை இரண்டாகும். நமக்கு உதவியவர் யார், வாக்குக் கொடுத்தவர் யார் என்பது ஆளைத்தான் சாரும். நிறுவனத்தின் முகவரி, ஜி.எஸ்.டி. எண், வங்கி விவரம் ஆகியவை மாறக்கூடியவை. அவை கணக்கு நோட்டில் தனியே இருந்தால் போதும்.

அட்டையின் முன்பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுகிறோம். இவர் யார், எந்த ஊர், எப்படி அழைக்கப்படுகிறார்? யார் மூலம் நமக்கு அறிமுகமானார்? இப்போது நமக்கிடையே என்ன இருக்கிறது? அடுத்து எப்போது பேச வேண்டும்? இவற்றில் இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு தொடர்பில் சிக்கல் வந்தால், அறிமுகம் செய்து வைத்தவரே அதைத் தீர்க்கும் வழி. அவர் யாரென்று தெரியாமல் போனால் நேராக வழக்குக்கும் வாய்ச்சண்டைக்கும் போய் நிற்போம்.

மூன்றாவது கேள்வியே இந்த ஏற்பாட்டின் உயிர் என்று கருதுகிறோம். அது ஏன் என்பதைச் சொல்ல, எங்களுக்கு இன்னும் கூச்சம் தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கடைத் திண்ணையில் நெடுங்காலம் தையல் இயந்திரம் போட்டுத் தைத்துவந்த ஒரு பெரியவர் இருந்தார். பார்வை மங்கியதும் வேலையை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். வேலை பார்த்த காலத்தில் தம் கூலியில் ஒரு பகுதியை வாங்காமல் அத்தாவிடமே விட்டுவைத்திருக்கிறார். பின்னாளில் அத்தா ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் மாதந்தோறும் ஒரு தொகையை அவர் கையில் கொடுத்து வந்திருக்கிறார். இது அவ்விருவருக்கு மட்டுமே தெரிந்த அமானிதம். அத்தா மறைந்ததும் அது நின்றுபோயிற்று. ஜனாஸாவில் நாங்கள் செய்த அறிவிப்பை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் எங்கள் தாயாரிடம் அவருடைய மனைவி பேச்சுவாக்கில் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரியவந்தது. தாம் விட்டுவைத்த பணம் தீர்ந்துவிட்டிருக்கும், அதனால்தான் பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டாராம். கேட்க வெட்கப்பட்டாராம். நாங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டோம். அவருக்கும் கணக்குத் தெரியவில்லை. அந்த மாதத் தொகையை, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து, 2019இல் அவர் மறையும்வரை கொடுத்தோம். அது அவருக்குச் சேர வேண்டியதைவிடக் கூடுதலா குறைவா, எங்களால் சொல்ல இயலாது.

ஆகவே, 'நமக்கிடையே என்ன இருக்கிறது' என்ற இடத்தில் பணத்தை மட்டும் எழுதுவதில்லை. கொடுத்த வாக்கு, வாங்கிய வாக்கு, கேட்டுவைத்த உதவி, திருப்பித் தராத மாதிரித் துணி, மகனுக்கு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னது என எல்லாம் அதில் வரும். நாம் செய்ய வேண்டியதற்கு இடப்பக்கம், அவர் செய்ய வேண்டியதற்கு வலப்பக்கம். முடிந்ததும் ஒரு கோடு இழுத்துத் தேதி போட்டுவிடுகிறோம். அட்டையின் பின்பக்கத்தில் பேசிய நாளும் ஒரு வரிச் செய்தியும் மட்டும். ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டும் என்று விதித்துக்கொண்டவர்கள் பத்தாம் நாள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். அன்றன்று கடை அடைக்கும் முன் எழுத வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

அடுத்து, யாரிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவது? இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பலர் தோற்றுப்போகிறார்கள். எங்களிடம் அப்போது 305 அட்டைகள் சேர்ந்திருந்தன. அனைவரிடமும் மாதம் ஒருமுறை பேசுவதென்றால் ஆண்டுக்கு 3,660 அழைப்புகள். கடை திறக்கும் நாட்கள் 300 என்று கொண்டால் நாளுக்குப் பன்னிரண்டு. வியாபாரத்தை விட்டுவிட்டு அதையேதான் செய்ய வேண்டும். எனவே மூன்று கட்டுகளாகப் பிரித்தோம். கொள்முதலும் கடனும் தொடர்ந்து நடக்கும் 25 பேரிடம் மாதம் ஒருமுறை. 80 பேரிடம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. மீதி 200 பேரிடம் ஆண்டுக்கு ஒருமுறை. கூட்டிப் பார்த்தால் 300, 320, 200. ஆக மொத்தம் 820. நாளுக்கு மூன்று அழைப்புகளுக்கும் குறைவு. காலையில் கடை திறந்து முதல் வாடிக்கையாளர் வரும்வரை உள்ள நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். ஆனால் நாளுக்கு எத்தனை பேரிடம் பேச முடியும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பக் கட்டுகளைப் பிரியுங்கள். நாங்கள் முதலில் தலைகீழாகச் செய்து ஒரு மாதத்தில் களைத்துப்போனோம்.

எந்த நாளில் யாரிடம் பேசுவது என்பதை நினைவூட்ட ஒரு பழைய அலுவலக முறை உண்டு. 1 முதல் 31 வரை எண்ணிட்ட கோப்புறைகள், மாதங்களுக்குப் பன்னிரண்டு, ஆக 43. இம்மாதம் 18ஆம் தேதி பேச வேண்டியவரின் அட்டை 18ஆம் எண் உறையில் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பேச வேண்டியவரின் அட்டை அந்த மாதத்தின் உறையில் கிடக்கும்; மாதம் பிறந்ததும் அதைத் திறந்து நாள் உறைகளில் பிரித்துப் போட வேண்டியது. கணினி ஏதும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நாங்கள் 2019வரை இப்படித்தான் செய்தோம். எங்கள் கடைச் சிப்பந்திகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரே இதை எங்களைவிட ஒழுங்காக நடத்தினார்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பேசும் அந்த 200 பேரால் என்ன பயன் என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகரை ஒட்டிய ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி சந்தித்தவர் மூலம் வேலை பெற்றவர்கள் 17 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர். ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 28 விழுக்காட்டினர். காரணம் எளியது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தள்ளி நிற்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும். அவர் ஆராய்ந்தது வேலைதேடலை, வணிகத்தை அன்று. எனினும், சூரத்தில் ஒரு மில் தேங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளுகிறது என்ற தகவல் எங்களுக்கு வந்தது தினமும் தேநீர் அருந்தும் நண்பரிடமிருந்து அன்று; ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பேசும் ஒரு பார்சல் ஆபீஸ் மேலாளரிடமிருந்து.

பேசுவது என்றால் பேசுவதுதான். பெருநாள், தீபாவளி, பொங்கல் என்று ஒரே படத்தை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதைப் பேசியதாக நாங்கள் கணக்கில் எழுதுவதில்லை. அனுப்பியவருக்கும் நினைவில்லை, பெற்றவருக்கும் நினைவில்லை. மேலும், விற்க ஒன்றும் வாங்க ஒன்றும் இல்லாத நாளில் இரண்டு நிமிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். கேட்பவரின் குரலிலேயே வேறுபாடு தெரியும்.

கைப்பேசியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பெயரைச் சேமிக்கும்போது பெயர், தொழில், ஊர் என்ற ஒரே வரிசையில் சேமியுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஏதேனும் ஒன்றில் மட்டும் எழுதுங்கள். இரண்டும் கலந்தால் தேடும்போது பாதிப் பேர் அகப்பட மாட்டார்கள். சிம் அட்டையில் சேமிப்பதைக் கைவிடுங்கள். அதில் இடமும் குறைவு, குறிப்பு எழுதவும் வழியில்லை. 2019க்குப் பின் எங்கள் அட்டைகளைக் கணினியில் எக்செல் தாளுக்கு மாற்றினோம். அதே நான்கு கேள்விகள், நான்கு பத்திகள். அடுத்த தேதியின்படி வரிசைப்படுத்தினால் இன்று பேச வேண்டியவர்கள் மேலே வந்து நிற்பார்கள். மாதம் ஒருமுறை ஒரு படி அச்செடுத்து வீட்டில் வைக்கிறோம். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்ட பழங்கடிதங்களில், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எகிப்துக்கும் ஏடனுக்கும் மலபார்க் கரைக்கும் இடையே வணிகம் செய்தவர்களின் கடிதங்களும் இருக்கின்றன. அவ்வணிகர்கள் முக்கியமான கடிதத்தைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் கொண்டிருந்தார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றது போய்ச் சேருமல்லவா? நம் கப்பல் கைப்பேசி. அது தண்ணீர்த் தொட்டியில் விழும் நாள் யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் பயனை முழுதாக உணர்ந்தது 2020இல். மார்ச் 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது பெருநாள் கொள்முதலுக்கான சரக்கு வழியில் நின்றது. ஏப்ரல், மே மாதங்களுக்குப் பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள் பலரிடம் இருந்தன; வருமானம் பூஜ்யம். எவரிடம் எந்தத் தேதிக்குக் கொடுத்திருக்கிறோம், அவருக்கு நம்மிடம் என்ன பற்று, அவரை அறிமுகம் செய்தவர் யார் என்பது தாளில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி மூன்று நாட்களில் 40 பேரிடம் பேசினோம். காசோலையை வங்கியில் போட்ட பின் பேசியிருந்தால் அது வாக்குவாதமாக இருந்திருக்கும். அதற்கு முன்பே பேசியதால் பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டார்கள். இருவர் பொறுக்கவில்லை, அவர்களுக்கும் நெருக்கடி இருந்தது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நகையை வைத்து அவர்களுக்குக் கொடுத்தோம்.

எழுதக் கூடாதவை எவை என்பதும் முக்கியம். ஒருமுறை ஒரு ஏஜென்ட் எங்கள் மேசையருகே அமர்ந்திருந்தபோது தம் அட்டையைத் தாமே எடுத்துப் பார்த்துவிட்டார். 'பேச்சை நம்ப வேண்டாம்' என்று எங்களில் ஒருவர் அதில் எழுதியிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஓராண்டு எங்கள் கடைக்கு வரவேயில்லை. அதன் பின் ஒரு விதி வைத்தோம். அட்டைக்கு உரியவரே படித்தாலும் நம் முகம் தொங்கிப்போகாத செய்தியை மட்டும் எழுத வேண்டும். 'சொன்ன நாளுக்கு மேல் 12 நாள் தாமதம், இரண்டு முறை' என்பது நடந்த செய்தி, எழுதலாம். 'நம்ப வேண்டாம்' என்பது நம் தீர்ப்பு, வேண்டியதில்லை. குடும்பத் தகராறு, நோய், சாதி, பிறர் சொன்ன புறம் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை. ஒருவரின் எண்ணை அவரைக் கேட்காமல் மூன்றாமவருக்குக் கொடுப்பதும் இல்லை. தனிமனிதர் விவரங்களைக் கணினியில் வைத்துக் கையாள்வதற்கென்று 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பண்பாடு.

சட்டம் என்றதும் இரண்டு தேதிகளைச் சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டையும் எங்கள் தாளில் தனிப் பத்தியாக வைத்திருக்கிறோம். விற்ற சரக்குக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுகளே அவகாசம். அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள், இவ்வளவு பாக்கி உண்டு என்று அவர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆண்டுதோறும் மார்ச் முடிந்ததும் நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையொப்பம் வாங்கிவிட்டால் மனத்தாங்கலுக்கே இடமில்லை. நண்பரிடம் எப்படிக் கையொப்பம் கேட்பது என்று தயங்குபவர்கள் உண்டு. எல்லாரிடமும் ஒரே நாளில் ஒரே மாதிரி கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மற்றொன்று நாம் கொடுக்க வேண்டியது பற்றியது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம், நம் விசைத்தறிக்காரர் போன்றவரிடம், சரக்கு வாங்கினால் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். வட்டியை விட்டு விலகி நிற்க வேண்டும் என்று விரும்பும் நாம், வெறும் மறதியால் வட்டிக்குக் கடன்பட்டவர்களாகிவிடுகிறோம். ஆகவே சரக்கு வந்து சேர்ந்த தேதியை அன்றே குறித்துவைப்பது அவசியம்.

கடைசியாக, இதை வேறு யார் திறக்க முடியும் என்பது. எங்கள் ஏற்பாட்டை எங்கள் இருவருடன் எங்கள் இருவரின் மனைவியரும், கடையின் மூத்த சிப்பந்தியும் திறந்து படிக்க முடியும். கடவுச்சொல் ஓர் உறையில் எழுதி வீட்டு அலமாரியில் மொய் நோட்டோடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எங்களில் ஒருவர் பத்து நாட்கள் கடைப் பக்கமே வருவதில்லை. அந்தப் பத்து நாட்களில் மற்றவர்கள் தாளை மட்டும் வைத்துத் தொடர்புகளை நடத்த வேண்டும். எது தெரியாமல் விழிக்கிறார்களோ அதையெல்லாம் எழுதி வைத்து, திரும்பி வந்ததும் தாளில் சேர்க்கிறோம். முதல் ஆண்டு அப்படி 31 கேள்விகள் வந்தன. சென்ற முறை நான்கு.

தொடங்க விரும்புவோர் எல்லாரையும் ஒரே நாளில் எழுத முயல வேண்டாம். கடந்த 30 நாட்களில் யார் யாரிடம் பேசினீர்கள் என்பதைக் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலே காட்டும்; அதிலிருந்து பத்துப் பேரை எழுதுங்கள். அவர்களோடு, எந்தக் கணக்கிலும் இல்லாமல் உங்கள் மனத்தில் மட்டும் கொடுக்கல் வாங்கல் உள்ள ஒருவரைச் சேர்த்துப் பதினொன்றாக எழுதுங்கள். வெற்று அட்டைகள் கொஞ்சம் கொண்டுவந்து ஜமாஅத் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வியாழக்கிழமைகளில் இஷாவுக்குப் பின் எங்களில் ஒருவர் அங்கே இருப்போம். முதல் அட்டையை எழுதுவதில் ஐயம் உள்ளவர்கள் வரலாம். பழைய மொய் நோட்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.